பழைய பத்திரிகைல ஒரு சொல்லோட தடம் பிடிக்கறது எப்படி: 'அக்கிராசனர்' வச்சு ஒரு முழு வழிகாட்டி

1920கள்ல வந்த எந்தத் தமிழ்ப் பத்திரிகையைப் புரட்டினாலும் ஒரு பொதுக்கூட்டச் செய்தி கண்ணுல படும், அந்தக் கூட்டத்துக்கு ஒருத்தர் "அக்கிராசனம் வகித்திருப்பார்". அவர்தான் அக்கிராசனர், கொஞ்சம் பெரிய கூட்டம்னா அக்கிராசனாதிபதி. இன்னைக்குத் தமிழ்நாட்டுல தலைவர்னு சொல்லிட்டுப் போயிடறோம், கூட்டத்துல யாராவது எழுந்து "அக்கிராசனர் அவர்களே"ன்னு ஆரம்பிச்சா நாலு பேரு சிரிப்பாங்க. நடுவுல எப்ப மாறுச்சு, எந்தப் பத்திரிகை முதல்ல மாத்துச்சு, எது கடைசி வரைக்கும் பிடிச்சு வச்சிருந்துச்சு, இதை ஒரு ஆள் வீட்டுல உக்காந்து ஓரளவுக்குக் கண்டுபிடிக்க முடியும். அந்த வேலையைத்தான் படிப்படியா சொல்லப் போறேன், வேற சொல்லுக்கும் இதே வழி செல்லும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா பாதிப் பேரு இங்கதான் வழி மாறிப் போறாங்க. "இந்தச் சொல் முதன்முதலா எப்ப வந்துச்சு"ன்னு தேடாதீங்க. முதல் இடம்னு நீங்க ஒண்ணைக் கண்டுபிடிச்ச மறுநாளே யாராவது அதுக்குப் பத்து வருஷம் முந்தின பக்கம் ஒண்ணை எடுத்து நீட்டுவாங்க, நம்ம பத்திரிகைகள்ல தொலைஞ்சு போன இதழ்கள்தான் ஜாஸ்தி. சொல் எந்த இடத்துல உக்காந்திருந்துச்சு, அந்த இடத்துக்கு எப்ப வேற சொல் வந்துச்சு, இதைப் பாருங்க. இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

சொல்லைத் தேர்ந்தெடுக்கறது

எல்லாச் சொல்லும் இதுக்குத் தோதுப்படாது. உதாரணத்துக்கு 'அரசு'ன்னு எடுத்தீங்கன்னா தொலைஞ்சீங்க, அரச மரமும் வரும், ஆளுங்க பேரும் வரும், 'குடி அரசு' பத்திரிகையோட தலைப்பே பக்கத்துக்குப் பக்கம் வந்து நிக்கும். நல்ல சொல்லுக்கு மூணு லட்சணம் வேணும். ஒரே ஒரு வேலை பார்க்கற சொல்லா இருக்கணும், அதுக்குப் போட்டியா இன்னொரு சொல் இருக்கணும், ஒரு குறிப்பிட்ட வகைச் செய்தியில அது திரும்பத் திரும்ப வரணும். அக்கிராசனருக்கு மூணும் இருக்கு. அபேட்சகர் (இப்ப வேட்பாளர்), காரியதரிசி (இப்ப செயலாளர்), வந்தனோபசாரம் (இப்ப நன்றியுரை), உபந்நியாசம் (இப்ப சொற்பொழிவு), இதெல்லாமும் நல்ல சொற்கள்தான்.

சபை, கூட்டம், தேர்தல்னு அந்தக் காலத்துல புதுசா வந்த சமாச்சாரங்களுக்குத் தமிழ்ல சொல் பத்திரிகை ஆபீஸ்லதான் உருவாச்சு, அவசர அவசரமா, அச்சுக்குப் போற நேரத்துல. பாரதியாரே 'மெம்பர்'ங்கறதுக்குத் தமிழ்ச் சொல் யோசிச்சு யோசிச்சு, எதுவும் சரிப்பட்டு வரலைன்னு கடைசியில மெம்பர்னே எழுதினதாச் சொல்லியிருக்கார். அதனால இந்த வட்டாரத்துச் சொல் எதை எடுத்தாலும் குறைஞ்சது ரெண்டு மூணு போட்டியாளர் இருப்பாங்க.

எத்தனை உருவத்துல வரும்னு லிஸ்ட் போடுங்க

தேடறதுக்கு முன்னாடியே உக்காந்து இதை எழுதி வச்சுக்கணும். அக்கிராசனர்னு ஒண்ணைத் தட்டிட்டு முடிவு வரலைன்னு எழுந்து போறவங்கதான் நிறைய.

எழுத்து வேறுபாடு: அக்கிராசனர், அக்ராசனர், அக்கிராஸனர், அக்ராஸனர். இதுல ஒவ்வொண்ணுக்கும் 'ஆதிபதி' சேர்ந்த ஒரு வடிவம் உண்டு. அப்புறம் அக்கிராசனம், அக்கிராசனப் பிரசங்கம், அக்கிராசனத்தின் கீழ். வேற்றுமை உருபு ஒட்டினா அக்கிராசனரை, அக்கிராசனராக, அக்கிராசனரால். கிரந்த எழுத்து தாராளமாப் புழங்கின பத்திரிகையில பக்கத்து வினையும் மாறும், 'வகித்தார்' இருக்கற இடத்துல 'வஹித்தார்'னு இருக்கும்.

இதுக்கு மேல புணர்ச்சி வேற. பழைய நடையில சொற்களைச் சேர்த்தே அச்சடிப்பாங்க, அப்ப முதல் எழுத்து 'அ' முன்சொல்லோட ஒட்டிக் காணாமப் போயிடும், 'கூட்டத்துக்கக்கிராசனம்'ங்கற மாதிரி. அதனால தேடும்போது தலையை வெட்டிடுங்க. 'க்கிராசன', 'க்ராசன', 'க்ராஸன' இந்த மாதிரி நடுத்துண்டைப் போட்டுத் தேடணும். ரொம்பவும் வெட்டி 'ராசன'ன்னு போட்டா மகாராசனும் நடராசனும் கூட்டமா வந்து நிப்பாங்க, அதுவும் ஆகாது.

போட்டிச் சொற்களுக்கும் இதே மாதிரி ஒரு லிஸ்ட் போட்டு வைங்க: தலைவர், தலைமை வகித்தார், தலைமை தாங்கினார், பிரசிடெண்ட், சேர்மன்.

அகராதிக்கு ஒரு நடை

இது அரை மணி நேர வேலைதான். வின்சுலோ அகராதி (1862) ஒரு எல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன், 1924லேர்ந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதி, 1939ல ஒரு பிற்சேர்க்கை, இது இன்னொரு எல்லை. ரெண்டையும் சிக்காகோ பல்கலைக்கழக அகராதித் தளத்துல இலவசமாப் பார்க்கலாம். ரெண்டுக்கும் நடுவுல பொருள் நகர்ந்திருக்கான்னு குறிச்சுக்கங்க. கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் (முதல் பதிப்பு 1992) பக்கத்துல வேணும், அதுல 'அருகிவரும் வழக்கு', 'இலங்கை வழக்கு'ன்னு குறிப்புப் போட்டிருப்பாங்க, அது நமக்குப் பெரிய துப்பு. ஆனா ஒண்ணு, அகராதி எப்பவும் பத்திரிகைக்குப் பின்னாடிதான் வரும். அகராதியில இல்லைங்கறதை வச்சு வழக்குல இல்லைன்னு சொல்லிடாதீங்க.

எங்க போய்ப் பார்க்கறது

சென்னையில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஆளா வாழ்நாள் பூரா சேர்த்தது, 1994ல நூலகமாச்சு. பழைய வார, மாத இதழ்களுக்கு முதல்ல அங்கதான் கேக்கணும். நாளிதழ் கட்டுகளுக்குக் கன்னிமாரா நூலகத்தையும் விட்றாதீங்க. இலவசமா நெட்ல பார்க்கணும்னா தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம், இணைய ஆவணகம் (archive.org), இலங்கைப் பத்திரிகைக்கு நூலகம் திட்டம் (noolaham.org). சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தோட செய்தித்தாள் தளத்துல 1935ல ஆரம்பிச்ச தமிழ் முரசு இருக்கு.

எந்தப் பத்திரிகைங்கறதைக் காலத்தையும் கட்சியையும் பார்த்துப் பிரிச்சுக்கங்க, இல்லைன்னா ஒரே குரலையே திரும்பத் திரும்பக் கேட்டுட்டு "தமிழ்ல இப்படித்தான் எழுதினாங்க"ன்னு முடிவு கட்டிடுவீங்க. சுதேசமித்திரன் 1882ல வாரப் பத்திரிகையா ஆரம்பிச்சு 1899ல நாளிதழாச்சு, நீளமான ஒரே தொடர் வேணும்னா அதுதான். திரு.வி.க.வோட நவசக்தி 1920லேர்ந்து. குடி அரசு 1925 மே 2. ஆனந்த விகடன் 1926ல வந்து 1928ல வாசன் கைக்குப் போச்சு. தினமணி 1934, தினத்தந்தி 1942. யாழ்ப்பாணத்து உதயதாரகை 1841லயே வந்துடுச்சு. கொழும்புல வீரகேசரி 1930, தினகரன் 1932. இதுல நாலஞ்சைத் தேர்ந்தெடுத்தாப் போதும், எல்லாத்தையும் பார்க்கணும்னு கிளம்பினா ஒண்ணையும் முடிக்க மாட்டீங்க.

தொகுப்பு நூல்களை மட்டும் நம்பிடாதீங்க. பாரதியாரோ பெரியாரோ, யாரோட கட்டுரையா இருந்தாலும் பின்னாடி தொகுத்துப் புத்தகமாப் போடும்போது எழுத்தைத் திருத்தி, ஸ்ரீமானைத் திருவாக்கி, பிரிச்சு வச்சு, சில சமயம் சொல்லையே மாத்திடறாங்க. எந்தப் பத்திரிகையில எந்தத் தேதியில வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கத் தொகுப்பு உதவும், அவ்வளவுதான். எழுத்து எப்படி இருந்துச்சுன்னு தெரிய அச்சான பக்கத்தோட படம்தான் வேணும்.

ஓசிஆர் தேடல், அதோட குழிகள்

ஸ்கேன் பண்ணின பக்கத்தைக் கம்ப்யூட்டர் எழுத்தா மாத்தித் தர்றதுதான் ஓசிஆர். பழைய தமிழ் அச்சுல இது நிறையவே சறுக்கும், ஆனா சறுக்கறதுல ஒரு ஒழுங்கு இருக்கு, அதைத் தெரிஞ்சுகிட்டா அந்தத் தப்பையே தேடிப் பிடிக்கலாம்.

மொதல்ல, ரகரமும் துணைக்காலும். ர, ா ரெண்டும் தேஞ்ச அச்சுல ஒண்ணாத்தான் தெரியும். அக்கிராசனர் 'அக்கிரரசனர்' ஆயிடும், கடைசியில இருக்கற 'ர்' காலும் புள்ளியுமாப் பதிவாகும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கம்ப்யூட்டருக்கு அது வேற எழுத்து. அப்புறம் புள்ளி. மை மங்கின இடத்துல புள்ளி விழுந்துடும், 'அககிராசனர'ன்னு நிக்கும். மூணாவது, பத்தியோட அகலம். நாளிதழ்ப் பத்தி குறுகலா இருக்கும், இடம் தீர்ந்த எடத்துல சொல்லை வெட்டி அடுத்த வரிக்குத் தள்ளுவாங்க, பல சமயம் இணைப்புக்கோடு கூடக் கிடையாது. மேல 'அக்கிரா', கீழ 'சனர்'. ஒரே வரியில பார்க்கற தேடல் இதைப் பிடிக்கவே பிடிக்காது. அதனால 'அக்கிரா', 'ராசனர்'னு பாதிப் பாதியாவும் போட்டுப் பாருங்க.

நாலாவதுதான் பெரிய குழி. 1978ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வர்ற வரைக்கும் பொதுவான அச்சுல ணா, றா, னா, ணை, லை, ளை, னை மாதிரி பதிமூணு எழுத்துக்கு வேற உருவம் இருந்துச்சு. லை-க்கு முன்னாடி தனியாக் கொம்பு கிடையாது, எழுத்தோட தலையிலயே சுழி ஒட்டியிருக்கும். னா-வுக்குக் கால் தனியா நிக்காது, கீழ வளைஞ்சு எழுத்தோடயே சேர்ந்திருக்கும். புது எழுத்துல பழகின ஓசிஆர் இதைப் பார்த்து முழிக்கும். இப்ப நம்ம சொல்லைப் பாருங்க. அக்கிராசனாதிபதில 'னா' இருக்கு. போட்டிச் சொல்லான தலைவர்ல 'லை' இருக்கு. ரெண்டு பேருக்குமே அடி.

இதுல இன்னொரு சிக்கலும் ஒளிஞ்சிருக்கு. பெரியார் 1935லயே குடி அரசுல சீர்திருத்த எழுத்தைக் கொண்டு வந்துட்டார். அதனால அந்தப் பக்கங்கள்ல 'தலைவர்' இன்னைக்கு இருக்கற உருவத்துலயே அச்சாகியிருக்கும், ஓசிஆர் சுலபமாப் படிச்சிடும், அதே வருஷத்துச் சுதேசமித்திரன்ல இருக்கற 'தலைவர்' தேடல்ல சிக்காது. நீங்க முடிவுகளோட எண்ணிக்கையை மட்டும் வச்சு "சுயமரியாதைப் பத்திரிகைதான் தலைவர்ங்கற சொல்லை முதல்ல பிடிச்சுது"ன்னு எழுதினா, அது அவங்க அச்செழுத்தைப் பத்தின முடிவு, சொல்லைப் பத்தினது இல்ல. நிஜமாவே அவங்கதான் முதல்ல மாத்தியிருக்கலாம், ஆனா அதை நிரூபிக்கற வழி இது கிடையாது.

அதனால தேடலைத் துப்புக்கு மட்டும் வச்சுக்கங்க, கணக்குக்கு வச்சுக்காதீங்க.

கணக்கு எடுக்கற முறை

இதுதான் முக்கியமான படி, கொஞ்சம் பொறுமை வேணும். ஒவ்வொரு கூட்டச் செய்தியிலயும் யாரோ ஒருத்தர் தலைமை ஏத்திருப்பார், அதைச் சொல்லாமச் செய்தியே எழுத முடியாது. அந்த இடத்துல எந்தச் சொல் இருக்குன்னு மட்டும் பார்த்துக் குறிக்கறதுதான் வேலை. பஸ்ல ஒரே சீட்டுல எந்த ஸ்டாப்ல யாரு ஏறி உக்காந்தாங்கன்னு பார்க்கற மாதிரி.

ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவைன்னு வச்சுக்கங்க: 1915, 1920, 1925, இப்படி 1960 வரைக்கும். ஒவ்வொரு வருஷத்துலயும் அதே ஒரு வாரம், அதே பத்திரிகை. மாநாட்டு சீசன்ல வர்ற வாரமா இருந்தா நிறையச் செய்தி கிடைக்கும், காங்கிரஸ் மகாநாடுகள் பெரும்பாலும் டிசம்பர் கடைசியில நடந்ததால டிசம்பர், ஜனவரி பரவாயில்ல. ஆனா அந்த வாரத்துல பெரிய மாநாடு ஒண்ணே பக்கத்தை எல்லாம் அடைச்சுகிட்டா, சின்ன ஊர்க் கூட்டங்கள் கணக்குல வராது, அதனால சாதாரண மாசம் ஒண்ணையும் சேர்த்துக்கங்க. அந்த வாரத்துல இருக்கற எல்லாக் கூட்டச் செய்தியையும் கண்ணாலயே படிங்க.

எக்செல்ல இந்தப் பத்திகள் போதும்: தேதி, பத்திரிகை, பக்கம், எந்தப் பகுதி (தலையங்கம், ஊர்ச் செய்தி, கடிதம், விளம்பரம்), சொல் அச்சுல இருக்கற மாதிரியே, கூட வந்த வினை, யாரைப் பத்தி, பக்கத்தோட படம் இருக்கற இடம். 'அச்சுல இருக்கற மாதிரியே'ங்கறதுல கறாரா இருங்க, அக்ராஸனத்தை அக்கிராசனம்னு திருத்திப் பதிஞ்சீங்கன்னா திரும்ப அந்த வாரம் பூராவும் படிக்க வேண்டி வரும். பார்த்த இதழ் எத்தனை, கிடைக்காத இதழ் எத்தனை, கிழிஞ்ச பக்கம் எது, இதையும் ஒரு ஓரத்துல எழுதிடுங்க.

வினையை ஏன் தனியாக் குறிக்கச் சொல்றேன்னா, அங்கதான் சொல் மாறின தடம் தெரியும். அக்கிராசனம்ங்கறது ஆசனம், அதை 'வகிக்க'றது பொருந்தி வருது. அந்த எடத்துக்குத் தலைமை வந்ததும் 'தலைமை வகித்தார்'னு ஆச்சு, ஆள் மாறினாலும் பழைய வினை அங்கயே இருந்துச்சு. 'தலைமை தாங்கினார்' வேற கட்டு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கூட்டிடாதீங்க, தனித்தனியா எண்ணினா எது எந்தப் பத்திரிகையோட நடைன்னு பிரிஞ்சு வரும்.

ஒரே நிகழ்ச்சி, மூணு பத்திரிகை

சலிப்புத் தட்டாத வேலை இது, இந்த வழிகாட்டியில வேற எதையும் செய்யலைன்னாலும் இதை மட்டுமாவது செஞ்சு பாருங்க. நல்ல உதாரணம் 1925 நவம்பர்ல காஞ்சிபுரத்துல நடந்த தமிழ்நாடு காங்கிரஸ் மாகாண மகாநாடு, வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்தை எடுத்துக்க மறுத்ததும் பெரியார் வெளிநடப்பு செஞ்சாரே, அதே மகாநாடு. தலைமை திரு.வி.க. அவர் அப்ப நவசக்தி ஆசிரியர், பெரியார் குடி அரசு ஆசிரியர், சுதேசமித்திரன் நாளிதழா தினமும் எழுதிட்டு இருக்கு. ஒரு நாற்காலி, ஒரு ஆள், மூணு பத்திரிகை, அதுல ஒரு பத்திரிகை நாற்காலியில உக்காந்தவரோடது, இன்னொண்ணு அவரை எதிர்த்து எழுந்து போனவரோடது. மூணுலயும் அவரை எந்தச் சொல்லால குறிக்கறாங்க, பேருக்கு முன்னாடி என்ன போடறாங்க, கோபத்தோட எழுதற தலையங்கத்துலயும் அதே சொல்தானா, இதை வரிக்கு வரி பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. நாளிதழ்னா மறுநாள், மறுநாளைக்கு மறுநாள். வாரப் பத்திரிகைன்னா அடுத்த ரெண்டு வாரம் வரைக்கும் தேடணும்.

மரியாதை அடையையும் விடாதீங்க, காலம் கணிக்க அது உதவும். ம.ரா.ரா.ஸ்ரீ (மகாராஜராஜஸ்ரீங்கறதோட சுருக்கம்), ஸ்ரீமான், ஸ்ரீ, தோழர், திரு. குடி அரசுல தோழர் 1932 கடைசியில, பெரியார் வெளிநாட்டுப் பயணம் முடிச்சுத் திரும்பின சமயத்துல வந்தது. தேதி கிழிஞ்சு போன பக்கத்துல "தோழர்" இருந்தா அதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு ஓரளவுக்குச் சொல்லிடலாம்.

தேதியில ஏமாறாம இருக்க

சில இதழ்கள்ல தமிழ் வருஷப் பேரை மட்டும் போட்டிருப்பாங்க. அறுபது வருஷச் சுற்றுங்கறதால பராபவ வருஷம்னா 1906-07 ஆகவும் இருக்கலாம், 1966-67 ஆகவும் இருக்கலாம், தாளையும் விளம்பரத்தையும் பார்த்தாத் தெரிஞ்சிடும். ஆனா சித்திரையில வருஷம் மாறறதை நிறையப் பேரு மறந்துடறாங்க: யுவ வருஷம் தை மாசம்னா அது 1936, 1935 இல்ல. தேதி வரியில ௳, ௴, ௵ன்னு குறி இருந்தா பயப்படாதீங்க, முறையே நாள், மாசம், வருஷம். செய்தி அச்சான நாளும் கூட்டம் நடந்த நாளும் வேறங்கறதால ரெண்டுக்கும் தனித்தனிப் பத்தி வைங்க.

செய்திக்கு வெளியே

ஒரு சொல் சாகறதுக்கு முன்னாடி பெரும்பாலும் அதை வச்சு விளையாட ஆரம்பிச்சிருப்பாங்க. அதனால விகடன் மாதிரி இதழ்ல துணுக்கு, கார்ட்டூன் வசனம், நகைச்சுவைக் கட்டுரை எல்லாத்தையும் ஒரு சுத்து பாருங்க. செய்தியில அக்கிராசனர் குறைஞ்சுகிட்டே வர்ற அதே வருஷங்கள்ல கிண்டல்ல கூடுதான்னு பார்க்கறது நல்ல கேள்வி. நாடக நோட்டீஸ், சங்க ஆண்டுவிழா அழைப்பிதழ், வாசகர் கடிதம், இதெல்லாம் பத்திரிகை ஆசிரியர் கை அதிகம் படாத இடங்கள், ஊர்ல நிஜமா என்ன சொல் புழங்குச்சுன்னு அங்கதான் தெரியும்.

இலங்கைக்குத் தனித் தாள் போடுங்க

தமிழ்நாட்டுக் கணக்கோட வீரகேசரியையும் தினகரனையும் கலந்தீங்கன்னா மொத்தமும் குழம்பிடும், ஏன்னா அங்க இந்தச் சொல் சாகவே இல்ல. நாடாளுமன்றக் கூட்டத் தொடரை ஜனாதிபதி ஆரம்பிச்சு வச்சுப் பேசறதை இன்னைக்கும் அங்க 'அக்கிராசன உரை'ன்னுதான் எழுதறாங்க. அபேட்சகரும் அங்க ரொம்பக் காலம் நல்லாவே புழங்கினவர்தான். அங்க கூட்டச் செய்தி, அரசாங்கச் செய்தின்னு ரெண்டாப் பிரிச்சு எண்ணுங்க, ஊர்க் கூட்டத்துல தலைவர் வந்த அப்புறமும் சட்டசபையில அக்கிராசனம் இருந்திருக்கும். 'தமிழ்ல வழக்கொழிஞ்ச சொல்'னு தமிழ்நாட்டுல இருந்து எழுதற யாரும் இதைப் பார்க்காம எழுதக்கூடாது, எனக்கு இதுல கொஞ்சம் எரிச்சலே உண்டு.

எழுதி வைக்கும்போது

"1940கள்ல மறைஞ்சது"ன்னு ஒரே போடாப் போடாம, எந்தப் பத்திரிகையில எந்த வாரங்களைப் பார்த்தீங்க, அதுல எத்தனை கூட்டச் செய்தி, எத்தனைல எந்தச் சொல், இதை அப்படியே எழுதுங்க. படிக்கறவர் வேற வாரத்தை எடுத்துப் பார்த்து உங்களோட சண்டை போட வசதியா இருக்கும். தேடல்ல கிடைச்சதையும் கண்ணால எண்ணினதையும் ஒரே அட்டவணையில கலக்காதீங்க.

எக்செல் தாளை அழிச்சிடவும் வேண்டாம். அக்கிராசனருக்காக நீங்க படிச்ச அதே கூட்டச் செய்தியில மேல காரியதரிசி அறிக்கை வாசிச்சிருப்பார், நடுவுல யாராவது உபந்நியாசம் பண்ணியிருப்பார், கடைசி வரியில வந்தனோபசாரம் இருக்கும். பக்கம், தேதி, படம் எல்லாம் ஏற்கெனவே கையில இருக்கு, அடுத்த சொல்லுக்கு ஒரு பத்தியைச் சேர்த்து, அதே பக்கங்களை இன்னொரு தடவை திறந்தாப் போதும்.